யாருடைய சொல் மீது சந்தேகம் விழுகிறது?

ஜனவரி 6

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பணக்காரன் சொன்னால் உண்மை, ஏழை சொன்னால் புலம்பல் என்று இன்னும் எத்தனை காலம் பேசிக்கொண்டிருப்பீர்கள்? அதெல்லாம் பண்ணையார் காலத்துக் கதை. இன்று ஆளுக்கொரு கைபேசி இருக்கிறது. ஆதாரம் இருந்தால் யார் சொன்னாலும் எடுபடும்.”

நான் ஏற்கவில்லை. ஆதாரம் இல்லாமல் தோற்ற ஏழைகளைப் பற்றி நான் பேசவில்லை. ஆதாரம் குவிந்து கிடந்தும் தோற்றவர்களைப் பற்றித்தான் பேசுகிறேன். முதலில் கீழ்வெண்மணி. நான் கீழத்தஞ்சைக்காரன், அங்கிருந்து தொடங்குவதுதான் எனக்குச் சரி.

1968 டிசம்பர் 25 இரவு. அன்றைய தஞ்சாவூர் மாவட்டம், நாகப்பட்டினம் பக்கத்துக் கீழ்வெண்மணி. அரைப்படி நெல் கூலி கூட்டிக் கேட்ட தகராறு அதற்கு முன்பே முற்றியிருந்தது. செங்கொடிச் சங்கத்தில் இருந்த விவசாயத் தொழிலாளர்கள் ஒரு பக்கம், மிராசுதார்களின் நெல் உற்பத்தியாளர் சங்கம் இன்னொரு பக்கம். அந்தச் சங்கத்தின் தலைவர் இரிஞ்சூர் கோபாலகிருஷ்ண நாயுடு. அன்றிரவு தலித் குடியிருப்பைத் தாக்கினார்கள். ஓட முடியாதவர்கள் ராமையாவின் குடிசைக்குள் போய் ஒடுங்கினார்கள். குடிசைக்கு வெளியிலிருந்து தீ வைக்கப்பட்டது. 44 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், வயதானவர்கள்.

வழக்கு நடந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 23 பேர். நாகப்பட்டினம் செஷன்ஸ் நீதிமன்றம் 1970இல் நாயுடு உள்ளிட்ட சிலருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. மேல்முறையீட்டில் சென்னை உயர்நீதிமன்றம் எல்லோரையும் விடுவித்தது. அந்தத் தீர்ப்பில் ஒரு பத்தி இருக்கிறது. அதன் சாரம் இதுதான்: குற்றம் சாட்டப்பட்ட அத்தனை பேரும் மிராசுதார்களாக இருப்பது வியப்பாக இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் நிறைய நிலம் வைத்திருக்கும் பணக்காரர்கள். நாயுடுவிடம் கார் இருக்கிறது. அவர்களுக்குப் பழிவாங்கும் எண்ணமே இருந்திருந்தாலும், வேலையாட்கள் துணை இல்லாமல் தாங்களே நடந்துபோய் வீடுகளுக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம்.

நிலமும் காரும் அங்கே சாட்சி சொல்லியிருக்கின்றன. உயிர் தப்பி வந்து கூண்டில் ஏறியவர்களின் சொல்லைவிட அந்தச் சாட்சி எடுபட்டிருக்கிறது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

ஜனவரி 7

சட்டம் படித்த நண்பர் ஒருவர் எதிர்வாதம் வைத்தார். “சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தான் போக வேண்டும். அது இல்லாவிட்டால் நாளைக்கு அப்பாவி மாட்டுவான். இருட்டில் ஓடியவர்கள் யார் யாரைப் பார்த்தார்கள் என்று சரியாகச் சொல்ல முடியவில்லை என்றால் நீதிமன்றம் என்ன செய்யும்?”

அந்த விதி வேண்டும், அதை விட்டுக்கொடுக்க நானும் தயாரில்லை. என் கேள்வி அந்தச் சந்தேகம் எங்கிருந்து முளைத்தது என்பதுதான். சாட்சி முன்னுக்குப் பின் முரணாகப் பேசினால் சந்தேகம் வரட்டும். ஒருவருக்கு நிலம் இருக்கிறது, ஆகவே அவர் இதைச் செய்திருக்க மாட்டார் என்று வந்தால் அது வேறு. அது வழக்கு தொடங்குவதற்கு முன்பே மனதில் இருந்த ஒன்று.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். அதே நாளில் மிராசுதார் தரப்பில் பக்கிரிசாமிப் பிள்ளை என்பவர் கொல்லப்பட்டார். அந்த வழக்கில் தொழிலாளிகள் தண்டிக்கப்பட்டார்கள். ஒரே ஊர்த் தகராறு, ஒரே நாள். ஒரு வழக்கில் தண்டனை நின்றது, 44 பேர் செத்த வழக்கில் ஒருவருடைய தண்டனைகூட மிஞ்சவில்லை.

ஜனவரி 7, இரவு

சிறு பையனாக எங்கள் வீட்டில் கேட்ட வெண்மணி வேறு. தாத்தா ஒரு பண்ணையில் காரியக்காரராக இருந்தவர். திண்ணையில் உட்கார்ந்து பேசும் பெரியவர்கள் “கட்சிக்காரன் தூண்டிவிட்டான், இரண்டு தரப்பும் மோதிக்கிட்டாங்க, நெருப்பு எப்படிப் பிடிச்சுதுன்னு யாருக்குத் தெரியும்” என்பார்கள். அதைச் சொன்னவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. பொய் சொல்கிறோம் என்ற நினைப்பும் அவர்களுக்கு இல்லை. அவர்கள் பழகிய வட்டத்தில் சுற்றி வந்த பேச்சு அது, அவ்வளவுதான். அடுத்த தெருவுக்கு அப்பால் சேரியில் அதே சம்பவத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்று போய்க் கேட்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. சம்பவம் நடந்தபோது சில பத்திரிகைகளும் விவசாயிகளுக்குள் மோதல் என்ற தோரணையில்தான் எழுதின. மோதல் என்று ஒருமுறை அச்சில் வந்துவிட்டால், பிறகு அதைப் படுகொலை என்று நிறுவ வேண்டிய பாரம் செத்தவர்களின் உறவினர் தலையில் விழுகிறது.

ஜனவரி 9

களம் பற்றிச் சொல்கிறேன். விஷயத்துக்குச் சம்பந்தம் உண்டு.

அறுவடைக் களத்தில் நெல் அளப்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். முதல் மரக்காலை ஒன்று என்று எண்ண மாட்டார்கள், ‘லாபம்’ என்பார்கள். அப்புறம் ரெண்டு, மூணு என்று போகும். அளப்பவர் ஒரு ராகத்தோடு சொல்லிக்கொண்டே போவார், பக்கத்தில் கணக்குப்பிள்ளை நோட்டில் கோடு போடுவார். பண்ணைக்கு அளக்கும்போது மரக்காலின் மேல் நெல் கோபுரமாக நிற்கும். கூலிக்கு அளக்கும்போது அதே மரக்காலைக் கையால் வழித்துத் தலை தட்டி விடுவார்கள். களத்தின் ஓரத்தில், அடிக்களத்து மண்ணும் பதரும் கலந்த நெல்லைக் கூலிக்கு ஒதுக்கி வைப்பதையும் நான் பார்த்திருக்கிறேன்.

எழுதப் படிக்கத் தெரியாத ஆட்கள் வீட்டுச் சுவரில் கரிக்கோடு போட்டுக் கணக்கு வைத்துக்கொள்வார்கள். தை மாதம் கணக்குப் பார்க்கும்போது நோட்டுக்கும் சுவருக்கும் வித்தியாசம் வந்தால் எது செல்லும்? நோட்டு. சுவர்க்கோட்டை யாரும் பொய் என்று சொன்னதில்லை. அதைப் போய்ப் பார்க்கவே இல்லை. கோடு போட்டவரும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, “ஐயா சொன்னா சரிதான்” என்று துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய்விடுவார்.

அந்த “சரிதான்” என்னை இன்றைக்கும் உறுத்துகிறது. அவர் நம்பிவிட்டார் என்று நான் நினைக்கவில்லை. ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த போகத்துக்கு வேலை இல்லை. வெளியே இருந்து பார்ப்பவருக்கோ கணக்கில் தகராறே இல்லை என்றுதான் தெரியும். ஊர் ஒத்துக்கொண்ட உண்மை என்று நாம் எடுத்துக்கொள்வதில் எவ்வளவு பங்கு இந்த மாதிரிச் “சரிதான்”களோ.

தஞ்சையில் பண்ணையாட்களைச் சாணிப்பால் குடிக்க வைப்பதும் சவுக்கால் அடிப்பதும் ஒரு காலத்தில் ஊர் வழக்கமாக இருந்தவை. 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் சீனிவாச ராவ் வந்து சங்கம் கட்டியபோதுதான் அது கொடுமை என்று வெளியே பேசப்பட்டது. 1944 மன்னார்குடி ஒப்பந்தத்தில் அதை நிறுத்த வைத்தார்கள். 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வெண்மணிக்குப் பிறகு விவசாயத் தொழிலாளர் பிரச்சினையை விசாரிக்கக் கணபதியா பிள்ளை ஆணையம், 1969இல் நியாயக்கூலிச் சட்டம். தொழிலாளி சொன்ன கணக்கு எடுபட்ட இடங்கள் எல்லாமே அவர்கள் கூட்டமாக நின்ற இடங்கள். தனி ஆளாக நின்று சொன்னவன் சொல் எங்கேயும் எடுபட்டதாக எனக்குத் தெரியவில்லை.

ஜனவரி 10

“இதெல்லாம் சாதி, பணம் இல்லை” என்று ஒருவர். கீழத்தஞ்சையில் இரண்டையும் பிரித்து எடுத்துக் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன். நிலம் யாரிடம் இருந்தது, ஊருக்கு வெளியே யார் குடிசை போட்டிருந்தார்கள் என்பதைச் சாதியை விட்டுவிட்டுச் சொல்லவே முடியாது.

ஆனால் அவர் கேட்டதில் ஒரு நல்ல கேள்வி ஒளிந்திருக்கிறது. சாதியே இல்லாத இடத்தில் பணம் மட்டும் என்ன செய்யும்? அதற்கு சிகரெட் கம்பெனிகளைப் பார்க்க வேண்டும்.

ஜனவரி 12

1950இல் இங்கிலாந்தில் டால், ஹில் என்ற ஆய்வாளர்களும், அமெரிக்காவில் விண்டர், கிரஹாம் என்பவர்களும் புகைப்பழக்கத்துக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் காட்டினார்கள். அடுத்து எலியின் தோலில் சிகரெட் தாரைத் தடவிக் கட்டி வந்ததையும் காட்டினார்கள். 1953 டிசம்பரில் அமெரிக்க சிகரெட் கம்பெனிகளின் தலைவர்கள் நியூயார்க் பிளாசா ஓட்டலில் கூடினார்கள். மக்கள் தொடர்புத் துறையில் பெரிய பெயரான ஹில் அண்ட் நோல்டன் நிறுவனத்தை அமர்த்திக்கொண்டார்கள். 1954 ஜனவரி 4 அன்று நானூறுக்கும் மேற்பட்ட செய்தித்தாள்களில் முழுப் பக்க அறிக்கை வந்தது. மக்கள் உடல்நலம்தான் எங்களுக்கு முதல், ஆனால் விஞ்ஞானிகளுக்குள் ஒருமித்த கருத்து இல்லை, ஆராய்ச்சிக்கு நாங்களே பணம் தருகிறோம் என்றது அந்த அறிக்கை.

சிகரெட் நல்லது என்று அவர்கள் நிரூபிக்கவில்லை, அதற்குத் தேவையும் இருக்கவில்லை. இன்னும் முடிவாகவில்லை என்று மக்கள் நினைத்தால் போதும். 1969இல் பிரவுன் அண்ட் வில்லியம்சன் என்ற சிகரெட் கம்பெனியின் உள் குறிப்பு ஒன்று, சந்தேகம்தான் நம் சரக்கு என்று வெளிப்படையாகவே எழுதியது. 1994 ஏப்ரலில் ஏழு கம்பெனித் தலைவர்கள் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் கை தூக்கிச் சத்தியம் செய்து, நிகோடின் அடிமைப்படுத்தும் என்று தாங்கள் நம்பவில்லை என்றார்கள். முதல் ஆய்வு வந்து நாற்பது வருடங்களுக்கு மேல் ஓடிவிட்டிருந்தது.

என் சித்தப்பா ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட் ஊதுவார். சித்தி கத்தினால் “அதெல்லாம் இன்னும் நிரூபணம் ஆகலை, டாக்டருங்களுக்குள்ளயே ரெண்டு கட்சி” என்பார். அவர் ஆங்கிலப் பேப்பர் படித்ததில்லை. நியூயார்க்கில் காசு கொடுத்து விதைத்த சந்தேகம் திருத்துறைப்பூண்டி பஸ் ஸ்டாண்டு பெட்டிக்கடை வரை எப்படி நடந்து வந்தது என்று நினைத்துப் பார்க்கிறேன். அதைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் யாருக்கும் தாங்கள் எதைச் சுமக்கிறோம் என்று தெரியாது.

ஜனவரி 12, சற்று நேரம் கழித்து

மேலே எழுதியதைப் படித்ததும் ஒன்று பிடிபட்டது. வெண்மணியையும் சிகரெட்டையும் இரண்டு தனி விஷயங்களாக வைத்தேன். இரண்டிலும் நடந்தது ஒன்றுதான். பணம் இருப்பவர் தன் சொல்லை உண்மை என்று நிலைநாட்ட வேண்டியதில்லை. எதிரில் நிற்பவரின் சொல் மீது சந்தேகத்தைத் திருப்பிவிட்டால் போதும். மிராசுதாருக்கு அந்தச் சந்தேகத்தை ஊரே இலவசமாகக் கொடுத்தது. சிகரெட் கம்பெனி அதை விலைக்கு வாங்கியது.

ஜனவரி 13

போபால் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. 1984 டிசம்பர் 2 இரவு யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மீதைல் ஐசோசயனேட் என்ற நச்சுவாயு கசிந்தது. குளிர்சாதனம் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது, பாதுகாப்புக் கருவிகள் வேலை செய்யவில்லை. பிறகு அந்தக் கம்பெனி முன்வைத்த விளக்கம், கோபம் கொண்ட ஒரு தொழிலாளி வேண்டுமென்றே தொட்டியில் தண்ணீர் விட்டுவிட்டான் என்பது. எந்தத் தொழிலாளியையும் நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தவில்லை. 1989இல் 47 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. இந்திய அரசு முதலில் கேட்டது 330 கோடி டாலர். 2010இல் கம்பெனியின் இந்திய அதிகாரிகளுக்கு இரண்டாண்டுச் சிறை என்று தீர்ப்பு வந்தது.

கோடிக்கணக்கில் போட்டுக் கட்டிய ஆலையில் தவறு என்றால், அதைத் தேடி கடைசியில் கூலி வாங்குபவனிடம்தான் போய் நிற்கிறார்கள்.

ஜனவரி 15

பொங்கல் வேலையில் நேற்று எழுத முடியவில்லை. இடையில் முதல் வாசகர் மறுபடியும் வந்திருக்கிறார். “நீங்கள் சொன்னதெல்லாம் கேமரா இல்லாத காலம்” என்கிறார்.

தூத்துக்குடி, 2018 மே 22. ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். சாதாரண உடையில் போலீஸ்காரர் ஒருவர் வேனின் மேல் ஏறிக் குறி பார்த்ததைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. சில நாட்களிலேயே “சமூக விரோதிகள் புகுந்துவிட்டார்கள்” என்ற பேச்சு கிளம்பியது. எங்கள் தெருவில் அந்த வீடியோவைக் கையில் வைத்துக்கொண்டே சமூக விரோதிகள் பற்றிப் பேசியவர்களை நான் பார்த்தேன். அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. அது துப்பாக்கிச் சூட்டைத் தவறு என்றது, போலீஸ் அதிகாரிகள் மீது நடவடிக்கை எடுக்கச் சொன்னது. அதற்கே நான்கு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் முதலில் கிளம்பிய பேச்சு பலர் மனதில் உட்கார்ந்துவிட்டது.

கேமரா தேவையில்லை என்று சொல்லவில்லை. அந்தப் படங்கள் இல்லாவிட்டால் ஆணையத்தின் முன் பேசவே ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் படம் தானாகப் பேசுவதில்லை. அதற்கு யார் பொருள் சொல்கிறார்கள், எவ்வளவு சீக்கிரம் சொல்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் போகிறது.

ஜனவரி 16

இது நான் பார்த்தது. எந்த ஊர், எந்த ஸ்டேஷன் என்று சொல்லப் போவதில்லை.

கடைத்தெரு முனையில் ஒரு கார், புல்லுக்கட்டோடு சைக்கிளில் வந்த கூலித் தொழிலாளியை இடித்துவிட்டது. அவருக்குக் கால் முறிந்தது. கார் எதிர்ப்புறம் ஏறி வந்ததை வெள்ளரிப்பிஞ்சு விற்கும் அம்மாள் முழுதாகப் பார்த்தார். நான் பார்த்தது கடைசிப் பாதி மட்டும். ஸ்டேஷனுக்குப் போனோம். கார்க்காரருக்கு நாற்காலி போட்டார்கள், அவருடன் வந்தவருக்கும் போட்டார்கள். தொழிலாளியின் மனைவி வாசல்படியில் நின்றார், வெள்ளரிப்பிஞ்சு அம்மாள் தூணோரம் நின்றார். சப் இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்து, “சார் என்ன பண்றீங்க?” என்றார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் என்றேன். உடனே எனக்கும் நாற்காலி வந்தது. நான் சொன்னதை ரைட்டர் எழுதிக்கொண்டார்.

“அந்த அம்மாதான் முழுசாப் பார்த்தவங்க, அவங்களைக் கேளுங்க” என்றேன். “நீங்க சொன்னாப் போதும் சார், இவங்கள்லாம் கோர்ட்டுக்கு வந்தா மாத்திப் பேசுவாங்க” என்று பதில் வந்தது. அம்மாள் அதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றார். நான் விடாமல் சொன்ன பிறகு அவருடைய வாக்குமூலமும் எழுதப்பட்டது, நாலு வரியில்.

என் சொல்லுக்கு அங்கே எடை கூடியதற்கு, அயர்ன் பண்ணிய சட்டையும் மாதச் சம்பளமும் தவிர வேறு காரணம் இல்லை. உயர்நீதிமன்றத் தீர்ப்பில் காருக்குக் கிடைத்த இடத்தின் சின்ன அளவு அது. மிராசுதாரும் கம்பெனியும்தான் இதில் லாபம் பார்ப்பவர்கள் என்று இதுவரை எழுதிவந்தேன். நம்மைப் போன்ற நடுத்தர வீட்டு ஆட்களுக்கும் தினமும் இதில் ஒரு பங்கு வந்து சேர்கிறது. இதையும் சேர்த்துப் பேசாவிட்டால் பேச்சு முழுமையாகாது.

ஜனவரி 18

“அப்படியானால் உண்மை என்று ஒன்று இல்லையா, எல்லாம் அதிகாரம்தானா?” என்று ஒரு கல்லூரி மாணவர். இல்லை தம்பி, அந்தப் பக்கம் போய்விடாதீர்கள். ராமையா குடிசையில் 44 பேர் எரிந்தது உண்மை. எந்தத் தீர்ப்பும் அதை மாற்றவில்லை. புகையால் புற்றுநோய் வருவது, கம்பெனிகள் ஒத்துக்கொள்வதற்கு முன்பும் உண்மைதான். உண்மைக்கு ஒன்றும் ஆகவில்லை. அது ஊர் ஏற்கும் இடத்துக்கு வந்து சேர எடுக்கும் காலத்தைத்தான் பணம் நீட்டுகிறது. அந்தக் காலத்துக்குள் செத்தவர்கள் செத்ததுதான்.

எல்லாமே அதிகாரம் என்று சொல்லிவிட்டால் மிராசுதாருக்கு அதைவிட வசதி வேறில்லை. “உன் கதை உனக்கு, என் கதை எனக்கு” என்று எழுந்து போய்விடுவார்.

ஜனவரி 21

கோபாலகிருஷ்ண நாயுடு 1980இல் கொல்லப்பட்டதை நான் ஏன் எழுதவில்லை என்று கேட்கிறார்கள். அதில் நியாயம் கிடைத்துவிட்டதாகக் கொண்டாடும் பேச்சு எனக்கு ஒப்பவில்லை, அதனால்தான். அந்தக் கொலை வெண்மணியில் என்ன நடந்தது என்ற கேள்விக்குப் பதில் ஆகாது. அந்தப் பதில் ஒரு தீர்ப்பில் எழுதப்பட்டிருக்க வேண்டும். நினைவுத்தூணில் 44 பெயர்கள் இருக்கின்றன. ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று ஊர் ஊராக ஆட்கள் வந்து நிற்கிறார்கள். இன்று தமிழ்நாட்டில் யாரும் அதை மோதல் என்று எழுதத் துணிய மாட்டார்கள். அந்த மாற்றத்தைச் செய்தது நீதிமன்றம் இல்லை, விடாமல் வந்து நின்ற அந்தக் கூட்டம்.

ஜனவரி 22

கடைசியாக ஒன்று. சிகரெட் கம்பெனிகளின் பொய் எப்படி அம்பலமானது? 1990களின் வழக்குகளில் அவர்களுடைய உள் ஆவணங்கள் லட்சக்கணக்கான பக்கங்கள் வெளியே வந்தன. 2006இல் அமெரிக்க நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர் அந்தக் கம்பெனிகளுக்கு எதிராக எழுதிய தீர்ப்பு அந்தக் காகிதங்களின் மேல்தான் நிற்கிறது. பெரிய கம்பெனி எல்லாவற்றையும் எழுதி வைக்கும், அதனால் ஒருநாள் மாட்டும். பண்ணை எழுதி வைத்ததெல்லாம் அந்தக் கணக்கு நோட்டு மட்டும், அதுவும் அவர்கள் வீட்டுப் பரணில். சுவரில் இருந்த கரிக்கோட்டை வெள்ளை அடித்துவிட்டார்கள்.

ஆகவே கீழத்தஞ்சையில் வீடு உள்ளவர்களிடம் கேட்கிறேன். எழுபது வயதுக்கு மேற்பட்ட விவசாயத் தொழிலாளர்கள் உங்கள் ஊரில் இருந்தால் இந்த அறுவடைக்குள் போய் உட்காருங்கள். நாளுக்கு எத்தனை படி கூலி, எந்த மரக்கால், தலை தட்டியா கோபுரமா, கணக்கு எழுதியது யார், தகராறு வந்தால் யார் வீட்டு வாசலில் பேசினார்கள் என்று கேட்டுக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். ஊர்ப் பெயர், தேதி சேர்த்து வையுங்கள். எங்கள் ஊரில் நான் தொடங்கிவிட்டேன். முதலில் பேசியவர் எங்கள் தாத்தா வேலை பார்த்த அதே பண்ணையில் நாற்று நட்டவர். இரண்டு மணி நேரம் பேசினார். நோட்டில் இருந்த கூலிக்கும் அவர் கைக்கு வந்த கூலிக்கும் உள்ள வித்தியாசத்தைப் போகம் போகமாகச் சொன்னார்.